பித்தளைத் துண்டும் பிரேக்கும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்துச் சாயங்காலம், அடைமழை விட்டும் விடாமலும் இருந்த வேளையில், அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி போகும் நெடுஞ்சாலையில் எனக்கு முன்னே போய்க்கொண்டிருந்த மாநகரப் பேருந்து திருமுல்லைவாயில் நிறுத்தத்துக்குச் சற்று முன்னதாகவே நின்றுவிட, நான் பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. நிற்கவில்லை என்று சொல்வதுகூட முழு உண்மை ஆகாது. முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. பிறகு, இடது முன் சக்கரத்துக்கு மட்டும் திடீரென்று கடமையுணர்ச்சி வந்தாற்போல் அது இறுகப் பிடித்துக்கொள்ளவே, வண்டி என் அனுமதியைக் கேளாமல் இடப்பக்கம் திரும்பி, சாலையோரத்து இளநீர்க் குவியலை முத்தமிட ஒரு முழம் இருக்கையில் நின்றது. இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பழைய வண்டிய வூட்ல வெச்சுப் பூசை போடு சார், மழைல ரோட்டுக்கு எதுக்கு இட்டாந்தே?" என்றார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

வண்டி 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் III. என் தாய்மாமன் வாங்கி, அவர் ஓட்டி, அவர் கண்பார்வை மங்கிய பிறகு பதினைந்து வருஷம் மாட்டுக்கொட்டகை ஒன்றில் வைக்கோலோடு வாசம் செய்து, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. ஹெரால்டைப் பற்றி இளைய தலைமுறைக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனியார், மிக்கெலோட்டி என்ற இத்தாலிய வடிவமைப்பாளரைக் கொண்டு உருவம் வகுத்து வெளியிட்ட கார் அது. 1961 முதல் நம் வண்டலூருக்கு அருகிலிருந்த தொழிற்சாலையில், 1948இல் ஆரம்பமான ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஸ்தாபனம் அதைச் செய்து வந்தது. சீமையில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள்; குடும்பத்தோடு பிரயாணம் செய்கிறவர்களின் சௌகரியத்தை உத்தேசித்து நான்கு கதவு வைத்த பெருமை வண்டலூரைச் சேர்ந்தது. கல்கத்தாவின் அம்பாஸடருக்கும் பம்பாயின் பியட்டுக்கும் நடுவில், மதராஸுக்கு என்று ஒரு கார் இருந்தது என்றால் அது இதுதான். அந்தத் தொழிற்சாலை 1988இல் ஓய்ந்துபோயிற்று.

இதன் முன்மூடி, மற்றக் கார்களைப்போல் முதலைவாய் பிளக்காமல், முகப்பு விளக்கு, மட்கார்டு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு முன்புறமாக முழுசாகக் கவிழ்ந்துகொள்ளும். அப்படிக் கவிழ்த்துவிட்டால், முன் டயரின்மேல் சாவதானமாக உட்கார்ந்துகொண்டு, கையில் தேநீர்க் கோப்பையுடன் என்ஜினோடு சம்பாஷிக்கலாம். இவ்வளவு தாராளமாகத் தன் அந்தரங்கத்தைத் திறந்து காட்டும் வண்டியின் முன்பகுதியில் என்ன கோளாறு நடக்கிறது என்று இத்தனை நாள் நான் பார்க்காமல் இருந்தேன் என்பதை நினைக்கும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மழையில் நடந்ததற்குக் காரணம் அப்போதே ஊகிக்க முடிந்தது. என் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். முன்னால் 8 அங்குலம், பின்னால் 7. டிரம் பிரேக்கின் சூட்சுமம் என்னவென்றால், சுழல்கின்ற டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும். நாம் காலால் கொடுக்கும் பலம் கொஞ்சமாக இருந்தாலும் அது தானே அதைப் பெருக்கிக்கொள்ளும். காய்ந்த சாலையில் இது ஒரு வரப்பிரசாதம். ஆனால் பெருக்கல் கணக்கில் தவறும் பெருகும் அல்லவா? டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு பக்கத்து லைனிங் மட்டும் சற்று முன்னதாக உலர்ந்துவிட்டால், அந்தச் சிறு வித்தியாசமும் பெருகி, வண்டியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். மழைநாளில் கொரட்டூர், அம்பத்தூர்த் தெருக்கள் எந்த நிலையில் இருக்கும் என்பதை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் வர்ணிக்கவேண்டிய அவசியமில்லை. டிரம்முக்குள் தண்ணீர் போகாமல் அவற்றைக் கடப்பது ஆகாயமார்க்கமாகப் போனால்தான் சாத்தியம்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஓடுகிற வண்டியின் வேகம் இரட்டித்தால் அதை நிறுத்த நாம் விழுங்கவேண்டிய சக்தி நான்கு மடங்கு ஆகிறது. ஹெரால்டின் எடை ஏறக்குறைய 800 கிலோதான் என்றாலும், அறுபதுகளில் மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவே 40 கிலோமீட்டரில் போவதற்குப் போதுமாயிருந்த பிரேக், இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில், முன்னால் போகிற புதுக் கார் கண்சிமிட்டுவதற்குள் நின்றுவிடுகிற காலத்தில், போதாது. நாம் மெதுவாகத்தான் போகிறோம் என்ற சமாதானம் பயன்படாது. நமக்கு முன்னால் போகிறவனுடைய பிரேக்தான் நம்முடைய தேவையை நிர்ணயிக்கிறது.

ஆகவே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைப்பது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த செய்தி நண்பர்களிடையே பரவியதும், ஆளுக்கு ஓர் உபதேசம் செய்தார்கள். முன் ஆக்ஸிலையே கழற்றி எறிந்துவிட்டு மாருதியின் முன்பகுதியை அப்படியே வெல்டிங் செய்துவிடலாம் என்றார் ஒருவர். (ஹெரால்டுக்குக் குறுக்கே ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸில் கிடையாது, ஜீப்புக்கு உண்டு. இதில் ஒவ்வொரு சக்கரமும் விஷ்போன் என்கிற கைகளிலும் சுருள் ஸ்பிரிங்கிலும் தனித்தனியே தொங்குகிறது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் முன் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற எல்லாவற்றுக்கும் 'முன் ஆக்ஸில்' என்றே பெயர். நானும் அந்த வழக்கையே கைக்கொள்கிறேன்.) புதுப்பேட்டையில் பிரித்துக் குவித்திருக்கும் ஏதாவது ஒரு காரின் டிஸ்க்கை வாங்கி, லேத்தில் கடைந்து, ஒரு தகடு வெட்டி மாட்டிவிடலாம், எல்லாம் சேர்ந்து ஒரு வாரம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தூய்மைவாதி; திருகாணி ஒன்றைக்கூட மாற்றக்கூடாது, மாற்றினால் அது ஹெரால்டே அல்ல என்று சாதித்தார். அவருடைய ஹெரால்டு மூன்று வருஷமாகத் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது என்பதால் அவருடைய பிரேக்குக்குச் சோதனை ஒன்றும் ஏற்படவில்லை.

எனக்கு இந்த மூன்றும் ஒப்பவில்லை. பழைய வண்டியைத் திருத்துகிறவன் அந்த வண்டியின் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே மருந்து தேடவேண்டும் என்பது என் அபிப்பிராயம். டிரையம்ப் கம்பெனியாரே 1961லிருந்து, கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கு, ஹெரால்டின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பொருத்திக் கொடுத்தார்கள்; பின்னால் வந்த 12/50, 13/60 ரகங்களில் அதுவே நியதி ஆயிற்று. அதாவது, என் வண்டியின் சீமை அண்ணன்மார் கட்டிக்கொண்டதைத்தான் நான் தம்பிக்கும் கட்டப்போகிறேன். வேற்று வீட்டு நகையை இரவல் வாங்கப் போவதில்லை. சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம், திருப்பும்போது அவை சாயும் கோணம் எல்லாம் வகுத்தவன் வகுத்தபடியே இருக்கும். மாருதியின் முன்பகுதியை வெல்டிங் செய்தால் பிரேக் பிடிக்கக்கூடும். வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். நான் குடியிருக்கும் இடத்திலிருந்து பாடி ஒரு பஸ் பிரயாண தூரம். ஹெரால்டின் பிரேக் கிர்லிங் ரகத்தைச் சேர்ந்தது. அந்தக் கிர்லிங் பெயரிலேயே நம் நாட்டுக்குப் பிரேக் செய்வதற்காக, டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூக்காஸும் சேர்ந்து 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில்தான் இருக்கிறது. அதை அடுத்தே மின்சாதனம் செய்கிற லூக்காஸ்-டி.வி.எஸ்., சக்கரம் செய்கிற வீல்ஸ் இந்தியா. சற்றே மேற்கே வந்தால் அம்பத்தூரில் முன்பு டன்லப் டயர்த் தொழிற்சாலை இருந்தது. அதற்கும் மேற்கே, ஆவடியில், டாங்கிகளே செய்கிற கனரக வாகனத் தொழிற்சாலை. டன்லப்புக்கு இந்தக் கதையில் தனி உரிமையும் இருக்கிறது: 1902இலேயே லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கி வைத்திருந்த டிஸ்க் பிரேக்கின் மகிமையை உலகம் ஒப்புக்கொண்டது 1953இல், டன்லப் செய்த டிஸ்க்குகளுடன் ஓடிய ஜாகுவார் பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில் ஜயித்தபோதுதான். இப்படி, நிறுத்துவது, உருட்டுவது ஆகிய இரண்டு கலைகளுக்கும் தலைநகரான ஒரு பிரதேசத்தின் மத்தியில் வசித்துக்கொண்டு, ஒரு ஜோடி டிஸ்க்குக்காக நான் இங்கிலாந்துக்கு எழுதவேண்டியதாயிற்று. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கியதில் கிடைத்தவை ரப்பர் வாஷர்களும் பிரேக் ஆயிலும் கடைக்காரர்களின் அனுதாபமும்தான். ஆற்றுநீரைத் தாண்டிப் போய்க் கிணறு வெட்டிய கதை.

சாமான் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையான எஸ்டேட்டுக்குப் பின்புறம் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். இளமையில் ஹெரால்டு வண்டிகளையே பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது ஆட்டோக்களும் 'குட்டி யானை'ச் சரக்கு வண்டிகளும் பார்க்கிறார். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தின் தலைமாட்டையும் கால்மாட்டையும் இரண்டு கைகளால் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். 'டொக்' என்று ஒரு சத்தம். இன்னொரு முறை ஆட்டினார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "பிரேக்க அப்புறம் பாக்கலாம் சார். அடிப் பித்தளை பூட்ச்சு" என்றார்.

இந்த அடிப் பித்தளைதான் என் கதாநாயகன். சாதாரணமாகக் கார்களில் சக்கரம் திரும்புவதற்கு மேலும் கீழும் பந்து மூட்டுகளோ அல்லது கிங் பின்னோ இருக்கும். ஹெரால்டில் மேலே பந்து மூட்டு. கீழே, செங்குத்தாக நிற்கும் எஃகுத் தண்டின் நுனியில் திருகு மரை வெட்டி, டிரன்னியன் என்கிற ஒரு பித்தளைத் துண்டுக்குள் போல்ட்டைப்போல முறுக்கி விட்டிருக்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு பித்தளைக்குள் கால் சுற்று அளவுக்குள் திருகியும் தளர்ந்தும் ஆடிக்கொண்டிருக்கும். வலது பக்கத்து மரை வலஞ்சுழி, இடது பக்கத்து மரை இடஞ்சுழி. மாற்றிப் போட முடியாது. இந்த ஏற்பாட்டின் புண்ணியத்தால்தான் ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பும்; எந்தச் சந்திலும் ஒரே வீச்சில் திரும்பிவிடும் இதன் சாமர்த்தியத்தைக் கண்டு ஆட்டோக்காரர்களே அசந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அதே ஏற்பாட்டில்தான் இதன் மரணமும் ஒளிந்திருக்கிறது. டிரன்னியனுக்கு வார்க்கவேண்டியது கிரீஸ் அல்ல. கியர் பெட்டிக்கு விடும் தடித்த ஆயில். கிரீஸை அடித்தால் அது மரையின் ஆழத்துக்குள் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து, நாளடைவில் மெழுகாக இறுகி, பின்னால் வருகிற எண்ணெய்க்கும் வழி விடாது. உள்ளே ஈரம் புகும், எஃகுத் தண்டு துருப்பிடிக்கும், பித்தளை இறுகும், ஒரு நாள், பெரும்பாலும் வண்டியை நிறுத்துவதற்காகத் தெருமுனையில் மெல்லத் திருப்பும் சமயத்தில், தண்டு முறிந்து சக்கரம் முழங்கால் மடிந்த மாடுபோல் மடங்கிவிடும். மெல்லத் திருப்பும்போது முறிந்தால் அது அதிருஷ்டம்.

கழற்றிப் பார்த்தோம். என் வண்டியில் கிரீஸ்தான் அடிக்கப்பட்டிருந்தது. எப்போது, யார் கையால் என்ற ஆராய்ச்சியில் இறங்குவது வீண். கிரீஸ் துப்பாக்கி எந்த வாயைக் கண்டாலும் ஊட்டிவிடும் தாயுள்ளம் படைத்தது. இடது பக்கத்துத் தண்டில் மரையின் மேட்டுப் பகுதி தேய்ந்து, அடிவாரத்தில் துரு தின்று, ஒரு மெல்லிய கோடு ஓடியிருந்தது. மேஸ்திரி அதை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் கோட்டைத் தடவிக் காட்டினார். அந்தக் கோட்டின்மேல்தான் என் மனைவியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் வரை போய் வந்திருக்கிறேன்.

வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சரிகிறது. பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பலம் முழுவதும் டயரிலிருந்து இந்தத் தண்டு வழியாகவும் இந்தப் பித்தளை வழியாகவும்தான் சேஸிஸுக்குப் போய்ச் சேரவேண்டும். நோய்ப்பட்ட தண்டில் வலிய பிரேக்கை மாட்டியிருந்தால், மழையில் நிற்காத வண்டியாக இருந்தது, வெயிலில் கவிழ்கிற வண்டியாக ஆகியிருக்கும். பிரேக்கைப் பலப்படுத்த விரும்புகிற எவரும், ஹெரால்டு ஆனாலும் சரி, ஜீப் ஆனாலும் சரி, டிஸ்க்குக்குப் பணம் கட்டும் முன் கிங் பின், புஷ், பேரிங், டை ராடு முனை ஆகியவற்றை ஆட்டிப் பார்க்கவேண்டும் என்று நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு இதுவே காரணம். இங்கிலாந்துக்கு மறுபடியும் எழுதினேன்: இரண்டு புதுத் தண்டுகள், இரண்டு டிரன்னியன்கள், புஷ்கள், மேல் பந்து மூட்டுகள். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். மறுக்கவில்லை.

சாமான் வந்தபின் வேலை துரிதமாகவே நடந்தது. பழைய ஹப்புக்குப் பதில் டிஸ்க்குக்குரிய ஹப், 9 அங்குல டிஸ்க், காலிப்பர், அதைத் தாங்கும் கை எல்லாம் தத்தம் இடங்களில் சாதுவாக உட்கார்ந்தன. குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்துகொள்வதில் உள்ள சௌகரியம் அது. டிஸ்க் கோணாமல் சுழல்கிறதா என்று பார்க்க டயல் கேஜ் வேண்டியிருந்தது. எஸ்டேட்டில் அதற்கா பஞ்சம்! எதிர் லேத் பட்டறையில் கேட்டதும் கொடுத்தார்கள். ஆட்டம் ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. டிஸ்க் பிரேக் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளாது. ஆகவே அது கேட்கும் பலமும் அதிகம், காலிப்பரின் பிஸ்டன் பெரியதாகையால் அது குடிக்கும் பிரேக் ஆயிலும் அதிகம். அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டரும், துருப்பிடித்த பழைய குழாய்களுக்குப் பதிலாகப் புதுக் குழாய்களும் போட்டோம்.

பிறகு ஏர் எடுக்கும் படலம், அதாவது பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி அருகில் வருவது முறை: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, மேஸ்திரி கீழே படுத்துக்கொண்டு நிப்பிளைத் திறந்து மூட, "மிதி சார்... புடி சார்... வுடு சார்" என்ற மந்திரம் அந்தக் கொட்டகையில் இரண்டு நாள் ஒலித்தது. பெடல் பஞ்சுபோலவே இருந்தது. ஒரு லிட்டர் ஆயில் தரைக்குப் போயிற்று. மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகித்தோம். குழாய் மூட்டுகளைச் சந்தேகித்தோம். இங்கிலாந்து தேசத்தின் நேர்மையையே ஒரு கட்டத்தில் நான் சந்தேகித்தேன். மூன்றாம் நாள் காலை மேஸ்திரி பீடி பற்ற வைத்து, புகை கொட்டகைக் கூரைக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று, "காத்து மேலதானே சார் போவும்?" என்றார். குனிந்து பார்த்தோம். இடது காலிப்பரை வலப்பக்கத்திலும் வலது காலிப்பரை இடப்பக்கத்திலும் மாட்டியிருந்தோம். அதனால் நிப்பிள் மேலே இருப்பதற்குப் பதில் அடியில் இருந்தது. உள்ளேயிருந்த காற்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உச்சியில் உட்கார்ந்திருக்க, அடியிலிருந்து நாங்கள் நல்ல ஆயிலை வடித்துக்கொண்டிருந்தோம். மாற்றிப் பூட்டிய அரை மணி நேரத்தில் பெடல் கல்லைப்போல் நின்றது. தவறு இருவருடையதும், ஆனால் கண்டுபிடித்தவர் அவர் ஒருவரே.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 வயது தாண்டிய வண்டிகளை 'விஏ' என்ற எழுத்துடன் புராதன வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாறுதல் செய்யாமல் அசல் ரூபத்தில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது. வெல்டிங் யோசனைக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நான் செய்த வேலையில் சேஸிஸில் ஒரு துளைகூடப் போடவில்லை. ஒரு பகல் பொழுதில் பழையபடி டிரம்மையே மாட்டிவிட முடியும். இருந்தாலும், வேலையைத் தொடங்கும் முன்பே தத்தம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஆவடி வழியாகப் பருத்திப்பட்டைக் கடந்து பூந்தமல்லி வரை, புதுப் பேடுகள் டிஸ்க்கோடு பழகிக்கொள்வதற்காக, கொஞ்சம் ஓட்டுவதும் மெல்ல நிறுத்துவதுமாகப் போனேன். பூந்தமல்லிக்கு அப்பால் வெளிவட்டச் சாலையில் ஏறியபோது நன்றாக விடிந்துவிட்டது. பின்னால் யாரும் இல்லாத ஓரிடத்தில், 60 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரற்கடை விலக்கி வைத்துக்கொண்டு அழுத்தி மிதித்தேன். நூல் பிடித்தாற்போல நேராக நின்றது. முந்தைய பிரேக்கைவிடக் கால் அதிகம் உழைக்கவேண்டியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சாலை கொண்டுபோய் விடுகிற இடம் வண்டலூர் ஆகையால், வண்டியை அதன் பிறந்தகம் வரைக்கும் ஓட்டிப்போய், ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பழைய ஆயில் துப்பாக்கி ஒன்றால், டிரன்னியனின் இடுக்கிலிருந்து புது எண்ணெய் கசிகிறவரை 90 ரக ஆயிலை ஏற்றுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும் சுபாவமுள்ளதால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவதாக உத்தேசம். பழைய டிரம்களையும் ஷூக்களையும் எண்ணெய் தடவி, கோணியில் சுற்றி, பரண்மேல் வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். வண்டலூரில் நான்கு கதவு ஹெரால்டுக்கென்று வண்டியோடு கொடுத்த கைப்புத்தகம் எந்த வாசகரிடமாவது, அப்பாவின் பீரோவிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ இருந்தால், தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். நேரில் வந்து, அங்கேயே நகல் எடுத்துக்கொண்டு, புத்தகத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வருவேன். மழை பெய்தாலும் அந்த வண்டியிலேயே வருவேன்.